அம்சவேணியின் இடது காது

ஆறு வயதில் வந்த ஒரு காய்ச்சல் போகிற போக்கில் அம்சவேணியின் இடது காதிலிருந்த சத்தம் முழுவதையும் வாரிக்கொண்டு போய்விட்டது. அதற்கப்புறம் முப்பத்தேழு வருஷம் அந்தக் காது கம்மல் மாட்டுவதற்கும் மூக்குக்கண்ணாடியின் ஒரு காலைத் தாங்குவதற்கும் தவிர வேறெதற்கும் பயன்படவில்லை. பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் இடது பக்கமாக உட்கார்ந்து கேள்வி கேட்டுவிட்டு, பதில் வராமல் எழுந்து போனதுதான் அந்தக் காதால் நடந்த ஒரே விசேஷம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, திருப்பூர் ராயபுரத்தில் மூன்றாம் மாடியில் ஒற்றை அறை, ஒரு கம்ப்யூட்டர், வலது காதுப் பக்கம் ஜன்னல் வருகிற மாதிரி போட்ட ஒரு மேஜை என்று அவள் ஒதுங்கிக்கொண்டாள்.

பனியன் கம்பெனிகளுக்கு நெஞ்சுப் பிரிண்ட்டும் கழுத்து லேபிளும் டிசைன் செய்வது அவள் தொழில். தான் பார்த்தேயிராத கடற்கரைகளின் பெயர்களையும் பிறந்தேயிராத வருஷங்களையும் வளைத்து வளைத்து எழுதி அனுப்புவாள். கடல் தாண்டி யாரோ ஒருவர் அவள் எழுத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருப்பார். கீழ்வீட்டுக்காரர்களுக்கோ அவள் 'மாடி டிசைன்காரம்மா'. கம்பெனி மேனேஜர்களுக்கு 'மேடம்'. சேலத்தில் இருக்கிற தம்பி தினமும் காலையில் போனில் ஒரு ரோஜாப்பூப் படம் அனுப்புவான், அதன் மேலேயே காலை வணக்கம் என்று எழுதியிருக்கும், அவனாக ஒரு எழுத்தும் எழுத வேண்டியதில்லை.

அந்த அறைக்குப் புரட்டாசி மாசத்தில் நிரஞ்சனா வந்தாள். உள்ளூர் கேபிள் சானலில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தவள், இருபத்தெட்டு வயசு, வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக, போனில் கேட்கிற ஒரு பாட்காஸ்ட் ஆரம்பிக்கப் போகிறாள். பல ஊர்களிலிருந்து புறப்பட்டுத் திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்களின் கதைகளை அவள் சொல்ல, ஊர் கேட்க வேண்டும். ஆயுத பூஜைக்கு முந்தின வெள்ளிக்கிழமை வெளியீடு. பெயர்கூட வைத்துவிட்டாள்: 'கேக்குதுங்களா?'

"கவர் படம் ஒண்ணு வேணுங்க்கா. சதுரமா. அதையே சுவத்துல ஒட்டற போஸ்டராவும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் படமாவும், டீக்கடை ஸ்டிக்கராவும் மாத்தித் தரணும்."

"போன்ல கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் தெரியும். அதுக்குள்ள என்ன தெரியணும்?" என்று கேட்டாள் அம்சவேணி.

"எம்மூஞ்சி, ஒரு மைக்கு, தலையில ஹெட்போனு. எல்லாரும் அப்படித்தானே போடறாங்க?"

அம்சவேணி அப்படியே போட்டுப் பார்த்தாள். முகத்தைப் போட்டால் அது தேர்தலில் நிற்கிறவர்களின் நோட்டீஸ் மாதிரி இருந்தது, மைக்கைப் போட்டால் கச்சேரி விளம்பரம் மாதிரி இருந்தது, ஒலி அலைகளை வளைவு வளைவாக வரைந்தால் நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியின் போர்டு மாதிரி ஆகிவிட்டது. பதினோரு படம் வரைந்து பதினொன்றையும் அழித்துவிட்டு, பன்னிரண்டாவதாக என்ன வரைவது என்று தெரியாமல் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தபோது இடது காது கண்ணில் பட்டது. ஒரு வேலையும் செய்யாததாலோ என்னவோ அது குழந்தையின் காது மாதிரி புதுசாகவே இருந்தது. அதைப் போனில் படமெடுத்து, மஞ்சள் பின்னணியில் கறுப்புக் கோடாக, மடிப்பு மடிப்பாக, உள்ளே போகப் போக இருட்டுகிற மாதிரி வரைந்தாள். கீழே தடித்த எழுத்தில் 'கேக்குதுங்களா?' என்று மட்டும் போட்டாள்.

"மைக்கு இல்லாம எப்படிங்க்கா பாட்காஸ்ட்டுன்னு தெரியும்?" என்று இழுத்த நிரஞ்சனா, போனில் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தாள். "யாரோ நமக்காகக் குனிஞ்சு கேக்கற மாதிரியே இருக்குதுங்க்கா," என்றாள் பிறகு.

புதன்கிழமை நானூறு போஸ்டர்கள் ஊர்ச் சுவர்களில் ஏறின. வியாழக்கிழமை காலை அம்சவேணி பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய இடது பக்கத்திலிருந்து ஓர் ஆண்குரல், "அஞ்சாம் நம்பரு பஸ்ஸு இன்னைக்கும் லேட்டுத்தானுங்க," என்றது.

குழாயை மூடினாள். இடது பக்கம் சுவர்தான் இருந்தது. சற்றுப் பொறுத்து, "எம்பொண்டாட்டி பேசி நாலு நாளாச்சு," என்றது அதே குரல், அப்புறம் போய்விட்டது. காது சரியாகிவிட்டதாக்கும் என்று போனை அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாள், ஒன்றுமில்லை. டம்ளரைக் கீழே போட்டுப் பார்த்தாள், அதை வலது காதுதான் கேட்டது. ஆனால் வாயைக் கொப்பளித்து முடிப்பதற்குள் இடது காதில் இன்னும் மூன்று பேர் பேசிவிட்டார்கள், நாலாவது ஆளின் பேச்சு அவளுக்குப் புரியாத ஒரு மொழியில் இருந்தது, நடுவில் 'மா' என்ற சொல் மட்டும் இரண்டு முறை வந்தது. சுவரில் ஒட்டியிருக்கிற காதிடம் சொல்வதெல்லாம் தன் காதில் வந்து விழுகிறது என்று விளங்கியபோது அம்சவேணி நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மத்தியானத்துக்குள் அனுப்ப வேண்டிய லேபிள் இரண்டு பாக்கி இருந்ததால் எழுந்து வேலையைப் பார்த்தாள்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம்தான் சொல்ல வேண்டியது. பேசினால் அந்தக் காது கேட்கிறது என்பதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் சுவரில் சாய்ந்தார்கள், சாய்ந்தவர்களின் வாய்க்கு நேராகக் காது இருந்தது, இருந்ததால் பேசினார்கள், பேசி முடித்தபோது சுமையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றின மாதிரி இருந்தது, மறுநாளும் வந்தார்கள். திருவாரூரிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பத்துக்குப் பத்து அறைகளில் ஆறு பேராக அடைந்து கிடப்பவர்கள் நிறைந்த ஊர் அது. ஆறு பேர் இருக்கிற அறையில் ஒருவன் தனக்குள் இருப்பதைச் சொல்ல முடியாது, ஊரிலிருக்கிறவர்களுக்குப் போன் செய்தால் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்ல முடியும், ஆகவே போனை வைத்துவிட்டு நேராகச் சுவருக்கு வந்தார்கள்.

ஒரு வாரத்துக்குள் அதற்கென்று பழக்கவழக்கங்கள் வந்துவிட்டன. ஒருவர் பேசும்போது அடுத்தவர் பத்தடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை, ஆனால் பீடியை அணைக்க வேண்டும். காதர்பேட்டை பேக்கரிக்காரர் ஒருவர், டீ பாய்லர் ஆவி காதுக்குள் போகிறது என்று பத்து வருஷமாக இருந்த இடத்திலிருந்து பாய்லரை நகர்த்தி வைத்தார். கல்யாண வாழ்த்துப் போஸ்டரும் இரங்கல் போஸ்டரும் ஒட்டுகிறவர்கள் காதைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டு ஒட்டினார்கள். மூளியாக இருக்கிறதே என்று யாரோ ஒரு பெண் காது மடலில் ஒரு கல் பொட்டை ஒட்டப் போக, அந்த வாரக் கடைசிக்குள் நானூறு காதுகளிலும் சிவப்பும் பச்சையுமாகக் கம்மல் ஏறிவிட்டது, அம்சவேணிக்கு இரண்டு நாள் மடலில் ஒரே அரிப்பு. குடித்துவிட்டு வந்து காதுக்குள் கெட்ட வார்த்தையாகக் கத்தின ஒருவனைக் கூட்டம் பிடித்து நிறுத்தி, "காதுக்குள்ள போயிக் கத்துவாங்களாய்யா, வலிக்காதா?" என்று வைது, மன்னிப்புக் கேட்கச் சொன்னது. அவனும் கேட்டான். அவன் கத்தினதில் கையிலிருந்த காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டிருந்த அம்சவேணி, அறையில் தனியாக, "பரவால்லீங்க," என்றாள்.

பாட்காஸ்ட்டைத்தான் யாரும் கேட்கவில்லை.

"கேட்டது நாப்பத்திரண்டு தடவதானுங்க்கா," என்று சொல்லிக்கொண்டே நிரஞ்சனா மாடியேறி வந்தாள். "அதுல பத்துத் தடவ நானேதான் கேட்டேன். ஒரு வருஷம் பாடுபட்டு மத்தவங்க கதையெல்லாம் சேத்து வெச்சா, எல்லாரும் சொல்றதுக்குத்தான் வர்றாங்க, கேக்கறதுக்கு ஒருத்தரும் இல்ல. நீங்க மைக்கே போட்டிருக்கலாம்."

அம்சவேணிக்குச் சங்கடமாக இருந்தது. அவள் இடது காதில் அந்த நேரம் ஒரு காஜா பட்டன் தைக்கிறவர், கல்யாணமான மகளை நினைத்து அழுதுகொண்டிருந்தார். "கொஞ்ச நாள் பொறு கண்ணு," என்றாள். நிரஞ்சனா எதிரில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத் தன் கஷ்டத்தைச் சொல்லிவிட்டுப் போனாள், போகும்போது நீங்க எப்படி இருக்கீங்க என்று கேட்கத் தோன்றவில்லை, வருகிறவர்கள் யாருக்குமே அது தோன்றியதில்லை. ஊரில் பாதிப் பேருக்கு என்ன வலி, யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள், யார் ஊருக்குப் பொய் சொல்லிக் கடிதம் எழுதுகிறார்கள் என்று அம்சவேணிக்குத் தெரிந்திருந்தது. மளிகைக் கடையில் பக்கத்தில் நிற்கிறவரின் குரலைக் கேட்டு இவரோ அவரோ என்று திரும்பிப் பார்ப்பாள். ஆனால் இடது காதில் கேட்ட குரலும் வலது காதில் கேட்கிற குரலும் ஒன்றுக்கொன்று ஒட்டவேயில்லை, நிழலை வைத்து ஆளை அடையாளம் பிடிக்கிற மாதிரி இருந்தது. அவள் பார்ப்பதைப் பார்த்து அவர்கள் விலகி நின்றுகொள்வார்கள்.

அத்தனை குரல்களுக்கு நடுவில் ஒரு குரலுக்கு மட்டும் அவள் வேலையை நிறுத்தினாள். சாயங்காலம் ஐந்தரைக்கு வரும், பெண்குரல், ஐம்பது வயசு இருக்கலாம், முதல் நாள் வந்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னது.

"இன்னைக்கும் எம்பேர யாரும் கூப்புடலீங்க."

மறுநாளும் அதையே சொன்னது. மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம் சொன்னது. "கம்பெனியில டோக்கன் நம்பரச் சொல்லித்தான் கூப்புடறாங்க. பையன் போன்ல அம்மாங்கறான், பக்கத்து வூட்டுல அக்காங்கறாங்க. அதெல்லாம் பேரில்லீங்களே. எங்கூட்டுக்காரரு இருந்த வரைக்கும் கூப்புட்டாரு. அவரு போயி ரெண்டு வருசமாச்சு. சும்மா வெச்சிருந்தா பேரு கெட்டுப் போயிருமுங்களா?"

"உங்க பேரு என்னங்க?" என்று அம்சவேணி வாய்விட்டே கேட்டுவிட்டாள். காதுக்கு வாய் கிடையாது, ஆகவே அந்தக் கேள்வி மூன்றாம் மாடி அறையில் ஜன்னல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது. அந்த அறையில் வெகு நாளைக்கு அப்புறம் யாரோ யாரையோ பேர் கேட்டார்கள். தன் பேரைக் கடைசியாக யார் கூப்பிட்டார்கள் என்று அம்சவேணி யோசித்துப் பார்த்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் சமைக்கப் போனாள்.

அன்றிலிருந்து ஐந்தரை மணிக்கு முன்பே மேஜையை ஒழுங்கு செய்து வைத்துக் காத்திருக்க ஆரம்பித்தாள். அந்தக் குரல் தினமும் வந்தது, ஒருநாளும் பேரைச் சொல்லவில்லை. பேரைக் கூப்பிடவில்லை என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்குத் தன் பேரைத் தானே சொல்லிக்கொள்வதில் ஒரு கூச்சம் இருக்கும் போலிருக்கிறது. ஐப்பசி பிறந்து மேற்கே கறுத்துக்கொண்டு வந்த ஒருநாள், "மழ வர்றாப்பல இருக்குது. பச்சைக் கேட்டத் தாண்டுனா நீ நிக்கற. உன்னையும் நனைச்சுக் கிழிச்சுப் போடும். அப்பறம் நான் எங்க போறது?" என்றது.

பச்சைக் கேட் போட்ட கம்பெனி கொங்கு நகரில் இருக்கிறது, அம்சவேணி அதற்கு லேபிள் செய்து கொடுத்திருக்கிறாள், ஆயிரம் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடம். இடம் தெரிந்துவிட்டது, பேர் தெரியவில்லை. அன்றைக்கே நிரஞ்சனாவுக்குப் போன் செய்தாள். அவளாக யாருக்கும் போன் செய்கிற வழக்கம் இல்லாததால் நிரஞ்சனா பதறிப்போய், "என்னாச்சுங்க்கா?" என்றாள்.

"ரெண்டாவது போஸ்டர் ஒண்ணு போடலாம். அதே காது. எழுத்து மட்டும் வேற."

"என்ன எழுத்து?"

"உங்க பேரு என்னங்க?"

"முதலாவதே ஒண்ணும் எடுபடல, இதையும்தான் ஒட்டிப் பாக்கலாம்," என்றாள் நிரஞ்சனா.

சனிக்கிழமை விடிகாலையில் இன்னும் நானூறு போஸ்டர்கள் ஏறின, பொழுது விடியும்போதே அம்சவேணியின் காதில் பேர்கள் விழ ஆரம்பித்தன. மாரக்காள், வீரக்குமார், சகாயமேரி, தொட்டம்மாள், பிங்கி குமாரி, அப்துல் லத்தீப், சுதாம் பெஹரா, காளீஸ்வரி, சின்னப்பையன், அதாவது ரேஷன் கார்டில் வேலுச்சாமி என்று சொன்னவரும், வீட்டில் ஒன்று பள்ளிக்கூடத்தில் ஒன்று என இரண்டு பேர் வைத்திருந்து இரண்டையும் சொன்னவளும், பிறந்தவுடன் செத்துப்போன பிள்ளைக்கு வைக்க நினைத்திருந்த பேரைச் சொன்னவளும், தன் பேரைச் சொல்லிவிட்டு ஊர், தாலுகா, தகப்பன் பேர் என்று மனு கொடுக்கிற மாதிரி அடுக்கினவரும், திக்குவாயால் தன் பேரின் முதல் எழுத்திலேயே நின்றுபோய்ப் போய்விட்டு மறுபடி மத்தியானம் வந்து முழுசாகச் சொல்லி முடித்தவரும், எல்லோரும் வந்தார்கள். பேர்கள் வந்துகொண்டே இருந்தன, மழை இன்னும் வராத அந்த மூன்று நாளும் இடது காதில் கையை வைத்துக்கொண்டு அம்சவேணி உட்கார்ந்திருந்தாள், லேபிள் கேட்டு வந்த போன்களை எடுக்கவில்லை, சோறு பொங்கவில்லை, ஆனால் ஒவ்வொரு பேருக்கும் பதில் குரல் கொடுத்தாள். மாரக்கா, என்றாள். வீரக்குமாரு, என்றாள். சகாயமேரி, என்றாள். யாருக்கும் கேட்காது என்று தெரிந்தும் ஒன்றையும் விடாமல் ஒருமுறை கூப்பிட்டாள். தொண்டை கட்டிக்கொண்டது.

மூன்றாம் நாள் ஐந்தரைக்கு அந்தக் குரல் வந்தது. முதலில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னது.

"ருக்குமணிங்க."

சொல்லிவிட்டு, "ருக்குமணி," என்று இன்னொரு தடவை தனக்கே சொல்லிப் பார்த்துக்கொண்டது. அப்போது முதல் இடி இடித்தது, அதை வலது காது கேட்டது.

விடிய விடியப் பெய்த மழையில் பசை இளகி, நானூறும் நானூறும் எண்ணூறு காதுகளும் சுவரை விட்டு இறங்கின. கம்மல் பொட்டுகள் சாக்கடையில் மினுங்கிக்கொண்டே நொய்யல் வரைக்கும் போனதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். காலையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் வெறும் சுவரைத் தடவிப் பார்த்தார்கள். சிலர் அப்படியும் பேசினார்கள். பேக்கரிக்காரர் பாய்லரைப் பழைய இடத்துக்குத் தள்ளவில்லை, இருக்கட்டும் என்றார். அம்சவேணி எழுந்தபோது அவளுடைய இடது பக்கம் ஆறு வயதில் இருந்தது மாதிரி மறுபடி அடைந்து கிடந்தது. அத்தனை நாள் வேண்டாம் வேண்டாம் என்றிருந்த இரைச்சல் இல்லாமல் அறை இரண்டு பங்கு பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. தம்பியின் ரோஜாப்பூ வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஐந்தேகாலுக்குப் பச்சைக் கேட்டுக்கு எதிரில் குடையோடு நின்றாள். ஆள் கூடுகிற இடத்துக்கு அவளாகப் போய் எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து என்ன வரும் என்று தெரியாமல் சுவரோரமாக ஒட்டிக்கொண்டாள். சங்கு ஊதியதும் கேட் திறந்து ஜனம் வெள்ளமாக வெளியே வந்தது, தலையில் பஞ்சுத் தூசியும் கையில் டிபன் பையுமாக, யாரையும் பார்க்காமல், மழை மறுபடி பிடிப்பதற்குள் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில். இந்த முகமா, அந்த முகமா என்று பார்த்துக்கொண்டே இருந்தால் கூட்டம் கலைந்துவிடும். அம்சவேணி கட்டிப்போன தொண்டையைச் செருமிக்கொண்டாள். தெருவில் நின்று அவள் இதுவரை யாரையும் கூவி அழைத்ததில்லை.

"ருக்குமணீ!"

குரல் கீச்சென்று உடைந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்கள். அவள் குடையை மடக்கிவிட்டு இன்னும் பலமாக, "ருக்குமணீ!" என்றாள்.

கூட்டத்துக்குள் மூன்று பேர் நின்றார்கள்.

ஒருத்தி உயரமாக, டிபன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு. ஒருத்தி கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். ஒருத்தி குள்ளமாக, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு. மூன்று பேருக்கும் ஐம்பதை ஒட்டிய வயசு. மூன்று பேரும் தன் பேர்தானா என்று நம்பாமல், ஆனால் நகராமல் நின்றார்கள். கூட்டம் அவர்களை இடித்துக்கொண்டு போனது.

"என்னையங்களா கூப்புட்டீங்க?" என்றாள் உயரமானவள்.

"நானுமுங்களா?" என்றாள் கண்ணாடிக்காரி. குள்ளமானவள் மற்ற இருவரையும் முந்திக்கொண்டு ஓர் அடி வைத்திருந்தாள்.

மூன்று பேரும் அம்சவேணியின் வலது பக்கம்தான் நின்றார்கள். அந்தக் குரல் இவர்களில் யாருடையது என்று சொல்லக்கூடிய காது இப்போது ஒன்றும் சொல்கிற நிலையில் இல்லை. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மூன்றும் ஒரே மாதிரி பதிலுக்குக் காத்திருந்தன.

"ஆமாங்க," என்றாள். "உங்களைத்தானுங்க." உயரமானவளைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அடுத்தவளைப் பார்த்து, "உங்களையுந்தானுங்க," என்றாள். குள்ளமானவளின் கையைப் பிடித்து, "ருக்குமணி, உங்களைத்தான்," என்றாள்.

"எதுக்குங்க?"

"சும்மா."

மூன்று ருக்குமணிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நூத்திப் பன்னெண்டு, நீயும் ருக்குமணியா?" என்றாள் கண்ணாடிக்காரி உயரமானவளிடம். "நாலு வருசமா பக்கத்து டேபிள்ல உக்காந்திருக்கறோம், ஒருத்தியும் சொல்லலையே!"

"நீ கேட்டியா?" என்றாள் உயரமானவள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது, ஏறுகிறவர்கள் கத்தினார்கள், இரண்டு பேரும் ஓட்டமும் நடையுமாகப் போய்ப் படியில் தொற்றிக்கொண்டார்கள்.

குள்ளமானவள் மட்டும் பாதி தூரம் போய்விட்டு நனைந்துகொண்டே திரும்பி வந்தாள். அம்சவேணியின் முகத்துக்குக் கிட்டத்தில் நின்று, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல மெதுவாகக் கேட்டாள்.

"நாளைக்கும் இந்தப் பக்கம் வருவீங்ளா?"